கேபிளை முதலில் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கம்ப்யூட்டரில் டிரைவ் மாற்றுவதைப் பற்றித்தான். அதனால் இந்த இதழின் பகுதியை முழுக்க அதற்கே விட்டுவிட்டேன். திருச்சியில் சர்வீஸ் கடை வைத்து எனக்கு 27 வருடம் ஆகிறது. ‘டிஸ்க் போயிடுச்சு சார்’ என்று சொல்லி என் மேஜையில் வைக்கப்பட்ட எத்தனையோ பெட்டிகளில், போயிருந்தது கேபிளோ ஜம்பரோ பவர் சாக்கெட்டோதான். டிஸ்க் நன்றாகவே இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

கே: எங்களுடையது சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் 2003ல் வாங்கிய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் செய்கிறோம். அதில் இருக்கும் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க் சில மாதமாக ‘டிக் டிக்’ என்கிறது. சென்னை ரிச்சி தெருவில் பழைய 160 ஜிபி ஐடிஇ டிஸ்க் ஒன்று வாங்கி, அதே கேபிளில் சேர்த்து மாட்டினேன். இப்போது இரண்டுமே தெரியவில்லை. 20 வருட வேலை அதில் இருக்கிறது.
– வாசகர், விருதுநகர்

ப: இதைப் படித்த நிமிடத்திலிருந்து அந்த மெஷினை ஆன் செய்யாதீர்கள். ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று போடும் ஒவ்வொரு தடவையும், சத்தம் போடும் டிஸ்க்குக்கு ஆயுள் குறைகிறது. உங்கள் 20 வருட வேலை அநேகமாக அப்படியே இருக்கிறது. இரண்டும் தெரியாமல் போனதற்குக் காரணம் வேறு.

ஐடிஇ என்பது பழைய பட்டைக் கேபிள் இணைப்பு. அந்தக் கேபிள் ஒன்றில் இரண்டு டிரைவ் மாட்டலாம். ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ். யார் மாஸ்டர் என்று மதர்போர்டு முடிவு செய்வதில்லை. டிரைவின் முதுகில் இருக்கும் ஜம்பர்தான் சொல்கிறது. உங்கள் 40 ஜிபி அந்த மெஷினில் மாஸ்டராக இருந்தது. ரிச்சி தெருவில் வாங்கியதும் வேறு ஏதோ மெஷினில் மாஸ்டராக இருந்து வந்ததுதான். ஒரே கேபிளில் இரண்டு பேர் ‘நான்தான் மாஸ்டர்’ என்று பதில் சொன்னால் பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு புரோகிராம்) இரண்டுமே புரியாது.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் வெறும் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு, டிஸ்க்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் நாலு பின் பவர் சாக்கெட், மறு ஓரத்தில் அகலமான 40 பின் சாக்கெட். இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு பின் கூட்டம், அதில் அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தொப்பி ஒன்று. அதுதான் ஜம்பர். எந்த இடத்தில் செருகினால் என்ன அர்த்தம் என்று டிஸ்க்கின் லேபிளிலேயே படம் போட்டிருப்பார்கள். நகத்தால் பிடுங்கப் போனால் பறந்து கட்டிலுக்கடியில் போய்விடும். ட்வீசர் வைத்து எடுங்கள்.

லேபிளில் இன்னொன்றையும் கவனியுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐடிஇ டிஸ்க்குகளில் ‘தனியாக இருக்கும் டிரைவ்’ என்பதும் ‘ஸ்லேவுடன் இருக்கும் மாஸ்டர்’ என்பதும் வேறு வேறு நிலைகள். கூட ஸ்லேவ் இல்லாமல் இரண்டாவது நிலையில் வைத்தால், வராத ஸ்லேவுக்காக மெஷின் காத்துக்கொண்டே நிற்கும். நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட வைத்த விஷயம் இது.

அடுத்தது கேபிள். பட்டையைச் சாய்த்துப் பிடித்துக் கோடுகளைப் பாருங்கள். கோடு தடிமனாக, எண்ண முடிகிற மாதிரி இருந்தால் 40 கம்பி. நூல் நூலாக நெருக்கமாக இருந்தால் 80 கம்பி. இரண்டு வகைக் கேபிளிலும் முனை ஒரே மாதிரிதான். கூடுதலாக உள்ள 40 கம்பியும் சிக்னல்களுக்கு இடையே தடுப்பாக ஓடும் எர்த் கம்பிகள். உங்கள் 40 ஜிபி டிஸ்க் காலத்துக்கு 80 கம்பிதான் சரி. 40 கம்பி போட்டால் விநாடிக்கு 33 எம்பி வேகத்துக்கு மேல் போகாது. 80 கம்பி கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கடைசியில் உள்ள கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கு. ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும் பக்கம் 1வது பின். பெரும்பாலும் அது பவர் சாக்கெட்டை ஒட்டி வரும். நடுவில் 20வது பின் இருக்காது. அது உடைந்ததல்ல, தலைகீழாக மாட்டாமல் இருக்க வேண்டுமென்றே விட்ட இடம். சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்து, வேறு எந்தப் பின்னாவது சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் மெல்லிய கத்தி முனையை வரிசைகளுக்கு நடுவில் விட்டு, ஒரே மூச்சில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். இரண்டாவது தடவை வளைந்தால் பின் ஒடிந்துவிடும்.

இனி அந்த ‘டிக் டிக்’. அதற்கும் முதலில் பவர் கேபிளைத்தான் பார்க்க வேண்டும். நாலு பின் மோலெக்ஸ் கனெக்டருக்குள் இருக்கும் பித்தளைக் குழல்கள் பல முறை செருகிப் பிடுங்கியதில் வாய் அகன்று தொளதொளத்துப் போகும். மஞ்சள் கம்பியில் வரும் 12 வோல்ட்தான் மோட்டாரைச் சுற்றுகிறது. அது விட்டு விட்டு வந்தால் டிஸ்க் சுற்ற ஆரம்பித்து, நின்று, மறுபடி ஆரம்பிக்கும். வெளியே கேட்கும் சத்தம் சாகிற டிஸ்க்கின் சத்தத்தைப் போலவே இருக்கும். அதனால் அடுத்த முறை ஆன் செய்யும்போது எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து வரும் வேறொரு கனெக்டரைப் போடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் நிம்மதி. நிற்காவிட்டால் தட்டுகளைப் படிக்கும் ஹெட் போகத் தொடங்கியிருக்கிறது. எப்படியிருந்தாலும் நகல் எடுத்துவிட வேண்டியதுதான்.

நகலை அந்தப் பழைய மெஷினில் எடுக்காதீர்கள். இரண்டு டிஸ்க்கையும் மாஸ்டராக வைத்து, யுஎஸ்பி அடாப்டர் இரண்டு மூலம் ஒரு புது கம்ப்யூட்டரில் இணையுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரம் போதாது; தனி 12 வோல்ட் அடாப்டரோடு வருவதாக வாங்குங்கள். லினக்ஸை பென் டிரைவிலிருந்து ஏற்றி, அதில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியை ஓடவிடுங்கள். சாதாரண காப்பி, கெட்டுப்போன இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது கெட்ட இடத்தைத் தாண்டிப்போய் நல்லதையெல்லாம் முதலில் அள்ளிவிட்டு, கடைசியில்தான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஃபைல்களை மட்டும் எடுக்காமல் முழு டிஸ்க்கையும் நகல் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001ல். நீங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்கள் யுனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தியவையாகத்தான் இருக்கும். அந்த எழுத்துரு, அதற்கான கீபோர்டு புரோகிராம், இன்ஸ்டால் சிடி எல்லாம் இன்று தேடினால் கிடைக்குமா? எழுத்துரு இல்லாமல் பத்திரிகை ஃபைலைத் திறந்தால் மணமகன் பெயர் கிறுக்கலாகத்தான் வரும். முழு நகல் எடுத்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே வரும். சில தமிழ் மென்பொருள்களுக்கு பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் பூட்டு ஒன்று உண்டு. மெஷினை ஓரங்கட்டும்போது அதைக் குப்பையோடு போட்டுவிடாதீர்கள்.

கட்டளையைத் தட்டுவதற்கு முன் இதையும் கேளுங்கள். கடை ஆரம்பித்த நாலாம் வருடம் ஒரு ஸ்டூடியோக்காரர் கல்யாண ஆல்பங்கள் இருந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி பத்து மணிக்கு, மறுநாள் கொடுக்க வேண்டுமே என்ற அவசரத்தில், எது மூலம் எது நகல் என்பதை மாற்றிப் போட்டுவிட்டேன். காலியாக இருந்த டிஸ்க், நிறைந்திருந்த டிஸ்க்கின் மேல் ஏறியது. நான் கவனித்து நிறுத்தியபோது நாலு நிமிடம் ஆகியிருந்தது. பதினோரு குடும்பங்களின் படங்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் குடும்பங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றிலிருந்து மூல டிஸ்க்கில் சிவப்பு டேப் ஒட்டாமல், அதன் சீரியல் எண்ணைத் திரையில் தெரிவதோடு ஒத்துப் பார்க்காமல், நகல் எடுக்கத் தொடங்கியதே இல்லை. நீங்களும் ஒட்டுங்கள்.

கடைசியாக, அந்த 160 ஜிபி. டிஸ்க்கில் தகவல் வைக்கும் ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் செக்டார் என்று பெயர். பழைய பயாஸும் எக்ஸ்பியின் முதல் பதிப்பும் செக்டார் எண்ணை 28 பிட்டில் எழுதுபவை. அதில் எண்ண முடிவது 26,84,35,456 செக்டார். ஒன்றுக்கு 512 பைட் என்றால் 137 ஜிபியோடு எல்லை முடிந்தது. எல்லையைத் தாண்டி எழுதப்போனால், எண் சுற்றி வந்து டிஸ்க்கின் ஆரம்பத்தில் இருப்பவற்றின் மேலேயே எழுதிவிடும் ஆபத்து உண்டு. எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 1 என்ற மேம்படுத்தல் முதல் இந்தத் தடை நீங்கியது. பயாஸும் ஒத்துழைக்க வேண்டும். உங்கள் பயாஸ் திரையில் 160 ஜிபி டிஸ்க் 137 என்று காட்டினால், 100 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன் (தனிப் பகுதி) போட்டுவிட்டு மீதியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். 40 ஜிபியில் 20 வருடம் ஓட்டிய அச்சகத்துக்கு 100 தாராளம்.

கே: 2005ல் வாங்கிய மதர்போர்டு. சாட்டா (ஐடிஇக்குப் பின் வந்த மெல்லிய கேபிள் இணைப்பு) போர்ட் இரண்டு இருக்கிறது. வேகமாக இருக்கும் என்று எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) வாங்கி மாட்டினேன். பயாஸில் வரவே இல்லை. அதே கேபிளில் பழைய 80 ஜிபி சாட்டா டிஸ்க் வருகிறது. கடைக்காரர் எஸ்எஸ்டியை வாங்கிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார்.
– வாசகர், சேலம்

ப: கடைக்காரர் சொல்வது சரி. போர்டை எடுத்துப் பாருங்கள். சிப் ஒன்றின் மேல் விஐஏ என்றும் விடி8237 என்றும் எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் ஏகப்பட்ட போர்டுகளில் வந்த சிப் அது. முதல் தலைமுறை சாட்டா, அதாவது விநாடிக்கு 1.5 கிகாபிட். பின்னால் வந்த வேகமான டிரைவ்கள், ‘எந்த வேகத்தில் பேசலாம்?’ என்று முதலில் கேட்டு, ஒத்துக்கொண்டு இறங்கி வர வேண்டும். இந்தச் சிப்புக்கு அந்தப் பேச்சு வார்த்தை தெரியாது. டிரைவ் இருப்பதாகவே அதற்குத் தோன்றாது.

3 கிகாபிட் ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் இதற்கென்றே ஜம்பர் இருக்கும். சாட்டாவில் மாஸ்டர், ஸ்லேவ் கிடையாது. ஒரு கேபிளுக்கு ஒரு டிரைவ்தான். ஆனாலும் பின்னால் நாலு ஜோடிப் பின் ஏன் இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். அதில் ஒரு ஜோடி, டிரைவை 1.5லேயே நிறுத்தி வைப்பதற்கு. கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும், லேபிளைப் பாருங்கள். எஸ்எஸ்டியில் அந்த ஜம்பர் இல்லை. அதனால் உங்களுக்கு இரண்டு வழி: ஜம்பர் உள்ள சாட்டா ஹார்ட் டிஸ்க், இல்லையென்றால் பிசிஐ ஸ்லாட்டில் மாட்டும் சாட்டா கார்டு ஒன்று வாங்கி அதில் எஸ்எஸ்டி. இரண்டாவதில், கார்டிலிருந்து பூட் ஆகுமா, அதாவது கம்ப்யூட்டர் தொடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

அதே எஸ்எஸ்டியை 2008, 2009 மாடல் போர்டில் போட்டு எக்ஸ்பி ஏற்றப்போய், 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வருவதாக மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சாட்டாவின் புது முறையான ஏஎச்சிஐக்கு எக்ஸ்பியோடு கூடவே வரும் டிரைவர் கிடையாது. பயாஸில் சாட்டா மோடு என்ற இடத்தில் ஐடிஇ என்று மாற்றிவிட்டு ஏற்றுங்கள், வந்துவிடும்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் இருக்காது. மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் சின்னக் கேபிள் வாங்குவீர்கள். அதில் முழுக்க உருக்கி வார்த்த, பின்பக்கம் மூடிய பிளாஸ்டிக் முனை உள்ளதை வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் நகர்ந்து ஒன்றோடொன்று உரசி, முனை உருகி, டிரைவோடு எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் திறந்து, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக அழுத்திச் செருகியிருப்பது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உள்ளதை வாங்குங்கள்.

கே: எங்கள் யூனிட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினில் டிசைன் ஏற்ற பிளாப்பி டிரைவ்தான். அது பழுது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு டிரைவ் எடுத்து மாட்டியதில் பச்சை லைட் எரிந்துகொண்டே இருக்கிறது, படிக்கவில்லை. பிளாப்பிக்குப் பதில் பென் டிரைவ் போடும் பெட்டி வந்திருக்கிறதாமே?
– வாசகர், திருப்பூர்

ப: லைட் அணையாமல் எரிந்தால் கேபிள் தலைகீழ். 34 பின் கேபிளைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். ஆனால் உள்ளே பிளாப்பி வைத்தபடி அப்படி ஆன் செய்திருந்தால், அந்தப் பிளாப்பியில் இருந்தது அழிந்திருக்கக்கூடும். இனி சோதனைக்கு வெற்றுப் பிளாப்பியை மட்டும் போடுங்கள். பவர் முனையும் கவனம்: பிளாப்பியின் சின்ன நாலு பின் முனை சில டிரைவ்களில் ஒரு பின் தள்ளிக்கூட ஏறிவிடும். போகக்கூடாத பின்னில் 12 வோல்ட் போனால் போர்டு கருகும். கண்ணால் பார்த்துச் செருகுங்கள், கைப்பழக்கத்தில் செருகாதீர்கள்.

லைட் சரியாகியும் படிக்கவில்லை என்றால் டிரைவ் எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு வரும் பிளாப்பி டிரைவ்கள் எல்லாம் 1 என்ற எண்ணில் வரும். கேபிளில் முறுக்கிவிட்ட ஏழு கம்பிதான் அதை ஏ டிரைவ் ஆக்குகிறது. மெஷின்களில் பெரும்பாலும் முறுக்கு இல்லாத நேர்க் கேபிள். அங்கே டிரைவ் 0 என்ற எண்ணில் இருக்க வேண்டும். பழைய டிரைவில் எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்து அப்படியே வையுங்கள்.

நீங்கள் கேட்ட பெட்டிக்கு பிளாப்பி எமுலேட்டர் என்று பெயர். கோடெக் என்ற பெயரில் வருவது அதிகம் புழங்குகிறது. அதே 34 பின், அதே பவர், அதே ஸ்க்ரூ. ஒரு பென் டிரைவுக்குள் நூறு பிளாப்பிகளை 00 முதல் 99 வரை வைத்துக்கொண்டு, முன்னால் உள்ள பொத்தானை அழுத்தி மாற்றலாம். எஸ்0, எஸ்1 என்று ஜம்பர் இருக்கும். முன்பு சொன்ன எண்தான். வாங்கும் முன் உங்கள் மெஷின் 1.44 எம்பியா 720 கேபியா என்று பாருங்கள், மாடல் வேறு.

ஆனால் பழைய டிரைவைத் தூக்கி எறியும் முன், அதிலேயே எல்லாப் பிளாப்பியையும் படித்து நகல் எடுக்கப் பாருங்கள். வருடக்கணக்கில் ஓடிய டிரைவில் ஹெட் மயிரிழை விலகியிருக்கும். அது எழுதிய பிளாப்பியை அதுவேதான் படிக்கும். சரியாக இருக்கும் புது டிரைவ், ‘பிளாப்பி கெட்டுவிட்டது’ என்று சொல்லிவிடும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடைத்துவிட்டு முயற்சி செய்யுங்கள். என் அனுபவத்தில், பழுது என்று வந்த பிளாப்பி டிரைவ்களில் கணிசமானவை அந்தத் துடைப்பிலேயே எழுந்து உட்கார்ந்தன. எம்ப்ராய்டரி யூனிட்டில் நூல் தூசிக்குக் கேட்கவா வேண்டும்.

கே: அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் டிவிடி ரைட்டர் மாற்றினேன். டேட்டா சிடி படிக்கிறது. அப்பா வைத்திருக்கும் நாகஸ்வர ஆடியோ சிடி மட்டும் ஓடுகிறது, சத்தம் வரவில்லை.
– வாசகி, மயிலாடுதுறை

ப: பழைய டிரைவின் பின்னாலிருந்து சவுண்ட் கார்டுக்கு மெல்லிய நாலு பின் கேபிள் ஒன்று போயிருக்கும். மாற்றும்போது அது விட்டுப்போயிருக்கிறது. கேபினட்டுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும், தேடி மாட்டுங்கள். புது டிரைவில் அந்தச் சாக்கெட்டே இல்லையென்றால், டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து டிஜிட்டல் சிடி ஆடியோ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அப்பா கேட்கட்டும்.

கே: லேப்டாப்பில் டிவிடி டிரைவை எடுத்துவிட்டு அங்கே எஸ்எஸ்டி போடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ப: செய்யலாம், ஆனால் மாற்றிச் செய்யுங்கள். எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் போட்டு, ஹார்ட் டிஸ்க்கை கேடி என்ற டிவிடி டிரைவ் அளவுச் சட்டத்துக்குள் வைத்து டிவிடி இடத்தில் தள்ளுங்கள். சில லேப்டாப்களில் டிவிடி பக்கத்து போர்ட் மெதுவானது, அதிலிருந்து பூட் ஆகவும் அடம் பிடிக்கும். கேடி 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இரண்டு உயரத்தில் வருகிறது. பழைய டிரைவை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். டிவிடி டிரைவின் முன் மூடியைக் கழற்றிக் கேடியில் மாட்டினால் ஓட்டை தெரியாது.

கே: டிஸ்க்கைக் கேபினட்டில் இறுக்கும்போது ஒரு ஸ்க்ரூ பாதியில் நின்றுவிட்டது. அழுத்தித் திருகலாமா?
– வாசகர், காரைக்குடி

ப: கூடாது. அது டிவிடி டிரைவின் ஸ்க்ரூவாக இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பெரிய புரி, டிவிடிக்கும் பிளாப்பிக்கும் நெருக்கமான சின்னப் புரி. இரண்டு ஸ்க்ரூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அழுத்தினால் டிஸ்க்கின் அலுமினிய உடம்பில் புரி அழிந்துவிடும். நீள ஸ்க்ரூவும் வேண்டாம், உள்ளே போய் போர்டைத் தொட்டுவிடும்.

கே: புது டிஸ்க்குக்கு எல்லாம் மாற்றியாயிற்று. பழைய டிஸ்க்கை பழைய இரும்புக்காரரிடம் போடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

ப: மூன்று மாதம் பொறுங்கள், டீச்சர். ஒரு துணிப்பையில் சுற்றி, தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். அந்த மூன்று மாதத்தில்தான் ‘அந்த ஒரு ஃபைல் எங்கே?’ என்ற கேள்வி வரும். அதற்குப் பிறகும், அழித்துவிட்டோம் என்று நம்பி அப்படியே கொடுக்காதீர்கள். ஃபார்மட் செய்த டிஸ்க்கிலிருந்து மாணவர்களின் மதிப்பெண் பட்டியலையும் உங்கள் பேங்க் விவரத்தையும் யாரும் எடுத்துவிடலாம். முழுவதும் பூஜ்யமாக எழுதிவிட்டுக் கொடுங்கள். அதற்கு அந்த டிஸ்க் ஒத்துழைக்கும் நிலையில் இல்லையென்றால், மூடியின் நட்சத்திர ஸ்க்ரூக்களைக் கழற்றி உள்ளே இருக்கும் தட்டுகளை வெளியே எடுத்துவிடுங்கள். கண்ணாடி போல பளபளவென்று இருக்கும். சில டிஸ்க்குகளில் அது உண்மையிலேயே கண்ணாடிதான், அதனால் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடாமல், கைக்குத் துணி சுற்றிக்கொண்டு எடுங்கள். மிச்சமுள்ள அலுமினியத்தை இரும்புக்காரரிடம் தாராளமாகப் போடலாம்.